பச்சை நம்பர் பிளேட்

2024 ஆவணியில் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து என் மனைவியின் தம்பி கார் எடுத்தான். மின்சார எஸ்யூவி. ஷோரூமில் அதைச் சிவப்புப் பட்டுத் துணியால் மூடி, மணவறைக்கு வந்த பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். துணியை விலக்கினதும் கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். எல்லாம் முடிந்ததும், டை கட்டிய பையன் ஒருவன் பயபக்தியோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டியை நீட்டினான். அதில் ஒரு துளசிச் செடி. தொட்டியில் ஒரு ஸ்டிக்கர்: 'பூமியைக் காத்தமைக்கு நன்றி.'

ஒன்றரை டன் இரும்புக்கு ஒரு துளசி. கணக்கு நேர்.

"மாமா, இனிமே புகையே கிடையாது" என்றான் மாப்பிள்ளை. குனிந்து பார்த்தேன். உண்மைதான். புகைக்குழாயே இல்லை. நம்பர் பிளேட்கூடப் பச்சை.

"புகை எங்க போச்சு மாப்ள?"

காலாவதியான மருந்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

அவன் சொல்லமாட்டான், நான் சொல்கிறேன். எண்ணூருக்குப் போயிருக்கிறது.

மாப்பிள்ளை ஆபீஸ் முடிந்து வேளச்சேரி வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது ஆகும். வந்ததும் காருக்கு சார்ஜ் போடுவான். அந்த நேரத்தில் சூரியன் தூங்கப் போயிருக்கும். ஆடியாக இருந்தால் காற்றாலை கொஞ்சம் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் நிலக்கரிதான் கதி. இந்த நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஒடிசாவில் தால்ச்சேரில் வெட்டி, ரயிலில் பாராதீப் கொண்டுபோய், கப்பலில் ஏற்றி, எண்ணூரில் இறக்கி, வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிக்கிறார்கள். எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்குத் தள்ளுகிறார்கள். அந்தக் குழாய் எத்தனையோ வருஷமாக ஒழுகுகிறது. ஒழுகியது கொசஸ்தலையாற்றில் படிகிறது. இறால் பிடிக்க ஆற்றில் இறங்கும் மீனவர் காலில் சாம்பல் சேறு. குட்டையை ஒட்டினாற்போல செப்பாக்கம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே காற்றடித்தால் வீட்டுக்குள் சாம்பல்.

வேளச்சேரியில் பச்சை நம்பர் பிளேட். செப்பாக்கத்தில் சாம்பல் பூத்த சோறு.

சரி, பெட்ரோல் காரே வாங்கியிருந்தால்? பெட்ரோல் என்ன, திருப்பதி மலையில் சுரக்கும் தீர்த்தமா? மணலியில் சுத்திகரிக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியது. மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எங்களுடையது இல்லை என்றது நிறுவனம். கூழைக்கடாக்கள் தார் பூசிக்கொண்டு நின்றன. எண்ணெயை யார் அள்ளினார்கள் தெரியுமா? காட்டுக்குப்பத்து மீனவர்கள். வாளியாலும் குவளையாலும். நிலவில் விண்கலம் இறக்கிய அதே வருஷம், அதே நாடு. நாசமான படகு ஒன்றுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 10,000 ரூபாய். மாப்பிள்ளை சீட் கவருக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவழித்தான்.

ஆக, பெட்ரோல் என்றால் மணலி. மின்சாரம் என்றால் எண்ணூர். இரண்டும் அக்கம்பக்கம். தென்சென்னைக்காரன் எந்தக் கார் வாங்கினாலும் புகை வடசென்னைக்காரனுக்கு. இதற்குப் பெயர் நுகர்வோர் உரிமை. எந்தக் குழாய் வழியாக அவனைக் கொல்வது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

மின்சாரக் கார் மோசம் என்று நான் சொல்வதாக பெட்ரோல்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். பிறப்பிலிருந்து காயலான் கடை வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2021-ல் ஒரு கணக்குப் போட்டது. நடுத்தர அளவு மின்சாரக் கார், பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவாகப் புவியைச் சூடாக்குகிறது. இந்தியாவில்? 19 முதல் 34 சதவீதம். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் என்ன எழுதுகிறார்கள்? பூஜ்யம். ஐந்து ரூபாய் தள்ளுபடி கொடுத்துவிட்டு இலவசம் என்று பலகை மாட்டுகிற ஜவுளிக் கடையை நாம் என்ன சொல்லித் திட்டுவோம்? அதே வார்த்தை இங்கேயும் செல்லும்.

கார் ஓடும்போது மட்டும்தான் புகைக்கிறது என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். அது ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே முக்கால் உலகத்தைத் தோண்டிவிட்டு வருகிறது. இரும்புத் தாது பெல்லாரியின் சண்டூரிலோ ஒடிசாவின் கேந்துஜரிலோ. அங்கே மரத்தின் இலை பச்சையாக இருக்காது. சிவப்புத் தூசி. அந்தத் தாதுவை உருக்கி ஒரு டன் எஃகு செய்ய, இந்திய ஆலைகளில் சராசரியாக இரண்டரை டன் கரியமில வாயு. எடையைக் குறைக்க அலுமினியம் போடுகிறோம் என்பார்கள். அலுமினியத்துக்கு பாக்சைட் வேண்டும். பாக்சைட் இருப்பது நியமகிரி மாதிரியான மலைகளில். அங்கே 2013-ல் பன்னிரண்டு கிராமசபைகள் ஒன்று விடாமல் 'எங்கள் மலையைத் தொடாதே' என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. மலையைக் கடவுள் என்று கும்பிடுகிறவன் பிற்போக்காளன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவன் முற்போக்காளன்.

பேட்டரி? "கோபால்ட்டே இல்லை சார்" என்று டை கட்டிய பையன் சத்தியம் செய்தான். இருக்கலாம். இங்கே விற்கும் பல மின்சாரக் கார்களில் அது இல்லைதான். லித்தியம் இருக்கிறதே. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை மேலே இறைத்து, வெயிலில் ஆவியாக்கி எடுக்கிறார்கள். தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீரைக் காயவைக்கும் தொழில். இப்படியெல்லாம் வருவதால்தான் மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிடக் கூடுதல் கடனோடு பிறக்கிறது. ஓடி ஓடித்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டும். மாப்பிள்ளை கார் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. இருபத்திரண்டு மணி நேரம் நிற்கிறது. கடன்காரன் இப்படித் தூங்கினால் எந்த வட்டிக்கடைக்காரன் சும்மா இருப்பான்?

அவன் எடை எழுபது கிலோ. எழுபது கிலோவைச் சுமக்க ஆயிரத்து ஐந்நூறு கிலோ. தெருமுனைக்குப் போய் கொத்தமல்லி வாங்கவும் அதே ஆயிரத்து ஐந்நூறு கிலோ. கொத்தமல்லியாவது வாடும். இது வாடாது.

நம் அரசாங்கம் இதையெல்லாம் பார்க்காமலா இருக்கும்? பார்க்கிறது. பார்த்துச் சட்டமும் போட்டிருக்கிறது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாக எவ்வளவு கரியமில வாயு விடலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு காரின் எடையைப் பொறுத்தது. சராசரி எடை கூடினால் வரம்பும் தாராளமாகும். பந்தியில் பெரிய இலை போட்டவனுக்கு இரண்டு கரண்டி பாயசம். இன்னொரு சலுகையும் உண்டு. ஒரு மின்சாரக் காரை விற்றால் கணக்கில் மூன்று என்று எழுதிக்கொள்ளலாம். ஒரே பையன் எழுந்து மூன்று தரம் 'உள்ளேன் ஐயா' சொல்வது மாதிரி. அந்த இரண்டு போலி வருகைக்குப் பின்னால் மறைந்துகொண்டு டீசல் எஸ்யூவிகள் வகுப்பை விட்டு வெளியே போய்க் கும்மாளம் போடும். வாத்தியாருக்குத் தெரியும். பதிவேட்டைத் தயாரித்ததே வாத்தியார்தான்.

வரியையும் கேளுங்கள். 2019 ஆகஸ்டிலிருந்து மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு கோடி ரூபாய் காருக்கும் அதே 5. சைக்கிளுக்கு 12. ஆமாம், மிதிக்கிற சைக்கிளுக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், பால்காரரும், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனாரும் மிதிக்கிற, புகையும் சாம்பலும் சார்ஜரும் இல்லாத அந்த இரண்டு சக்கரத்துக்கு. ஆறு வருஷம் இப்படியே ஓட்டினார்கள். 2025 செப்டம்பரில்தான் யாருக்கோ உறைத்து, சைக்கிளையும் 5-க்குக் கொண்டுவந்தார்கள். அதே நாளில் பெரிய கார்களுக்கு 50 வரை எகிறியிருந்த வரியை 40 ஆக்கினார்கள். தீபாவளிப் பரிசாம். சைக்கிள்காரனுக்கு ஒரு கேப்பு வெடி. எஸ்யூவிக்காரனுக்குப் பத்தாயிரம் வாலா.

இனி ஓடுகிற காலத்துப் புகைக்கு வருவோம். அதற்குத்தான் பரிசோதனை இருக்கிறதே. போன மாதம் என் பழைய பெட்ரோல் காருக்குப் புகைச் சான்றிதழ் வாங்கப் போனேன். பங்க் ஓரத்தில் ஒரு வேன். வேனுக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பையன், பாதி டீ. "இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க சார், பெட்ரோல் வேஸ்ட்" என்றான். அணைத்தேன். செல்போனில் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தான். பிரிண்டர் கத்தியது. சான்றிதழ் வந்தது. என் கார் உத்தமன் என்று எழுதியிருந்தது. குழாயைச் செருகும் கருவி வேன் சுவரில் மாட்டியிருந்தது, அதன்மேல் அவன் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அணைத்துவைத்த இன்ஜின் புகைக்காது என்பதை நான் மறுக்க முடியாது. அறிவியல்பூர்வமாகச் சரி.

இது நம் ஊர்ப் பங்க்கின் சில்லறை விவகாரம் என்று நினைத்தேன். 2025 ஏப்ரல் 1-ந் தேதி (தேதி தற்செயல்தான்) டெல்லி சட்டசபையில் சிஏஜி அறிக்கை ஒன்றை வைத்தார்கள். 2015-லிருந்து 2020 வரை தலைநகரில் கொடுத்த புகைச் சான்றிதழ்களைத் தணிக்கை செய்திருந்தார்கள். வரம்பை மீறிப் புகைத்த 1.08 லட்சம் வண்டிகளுக்கு 'தேர்ச்சி' போட்டிருக்கிறார்கள். 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சோதனையும் சான்றிதழும் ஒரே நிமிடத்துக்குள் முடிந்திருக்கின்றன. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகவும் பதிவாகியிருக்கிறது. நாட்டிலேயே மூச்சுவிட ஆகாத ஊரில், மூச்சுவிடும் நேரத்தில் சான்றிதழ்.

பையன்களை மட்டும் திட்டி என்ன பயன்? 2015-ல் மாட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வாகன் கம்பெனி இதை மென்பொருளிலேயே செய்திருந்தது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்ததும் கார் தானாக நல்ல பிள்ளையாகிவிடும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடை வரம்பைப்போல் 40 மடங்கு வரை கக்கும். உலகம் முழுக்க 1.1 கோடி கார்கள். ஜெர்மன் பொறியியல் பல வருஷம் உழைத்துக் கண்டுபிடித்ததை நம் பங்க் பையன் இன்ஜினை அணைத்தே சாதித்துவிடுகிறான். செலவில்லாத தொழில்நுட்பம்.

கடைசிக் காலம். மனிதனுக்குக் காசி, காருக்குக் காயலான் கடை. 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. அரசாங்கம் கொண்டாடும் போகி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் போகி முன்பே வந்துவிட்டது. பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் வழிமொழிந்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட 62 லட்சம் வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றமாட்டோம் என்று பங்க்குகளில் கேமரா வைத்தார்கள். மூன்றே நாள். கேமரா சரியில்லை, மக்கள் கோபப்படுகிறார்கள் என்று அரசே பின்வாங்கியது. பத்து வருஷ உத்தரவுக்கு மூன்று நாள் ஆயுசு.

அந்தப் பத்து வருஷமும் பழைய வண்டிகள் என்ன ஆயின? நம் ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கேட்டுப் பாருங்கள். "டெல்லி வண்டி சார், சும்மா கிளி மாதிரி இருக்கும், பாதி விலை." அங்கே மூச்சு முட்ட வைத்த அதே டீசல் வண்டி, தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு, எல்லை தாண்டியதும் கிளியாகிவிடுகிறது. டெல்லியின் நுரையீரலுக்கு ஆகாதது திண்டுக்கல்லின் நுரையீரலுக்கு ஆகும். வயசை மட்டும் பார்த்த சட்டம் அது. பத்து வருஷத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வாத்தியாரம்மாவின் கார் குற்றவாளி. மூன்று வருஷத்தில் இரண்டு லட்சம் ஓடிய டாக்ஸி நிரபராதி.

புதுப்பேட்டைக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். ஷோரூமில் பிறந்ததை அங்கேதான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறார்கள். சைடு மிரர் ஒன்று தேடிப் போனேன். கடை என்று சொல்ல முடியாது. தரை முழுக்கக் கறுப்பு, நடந்தால் செருப்பு ஒட்டும். கதவுகள் ஒரு பக்கம், ஸ்டியரிங்குகள் ஒரு பக்கம், சீட்டுகளின் பஞ்சு ஒரு மூட்டை. கையுறை இல்லாத ஓர் இளைஞன் இன்ஜின் ஆயிலைச் சட்டியில் வடித்துக்கொண்டிருந்தான். வடிந்தது போக மீதி தரைக்கு. தரையிலிருந்து எங்கே என்று கேட்க வேண்டாம், கூவம் பக்கத்தில்தான். பிறகு ஏ.சி. குழாயை ஸ்பேனரால் ஒரு திருகு திருகினான்.

உஸ்ஸ்.

அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மணமும் இல்லை. ஆர்-134ஏ என்ற வாயு அது. கரியமில வாயுவைவிட ஆயிரத்து முந்நூறு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஒரு காரில் அரைக் கிலோ இருக்கும். என் கார் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடி விடுகிற கரியமில வாயுவுக்குச் சமமானதை அந்தத் தம்பி ஒரு 'உஸ்'ஸில் முடித்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாயுவைப் பிடித்து உருளையில் அடைக்க மெஷின் இருக்கிறது. அதை அவனுக்கு யார் கொடுத்தார்கள்? ஒரு போல்ட்டையும் வீணாக்காமல் நாலு கைக்கு மாற்றிவிடுகிற அவனை ஆக்கிரமிப்பாளன் என்கிறோம். போல்ட் தேய்ந்தால் மொத்த அசெம்பிளியையும் மாற்றச் சொல்கிற சர்வீஸ் சென்டரை ஆத்தரைஸ்டு என்கிறோம்.

டயர் ஓடும்போதே தூளாகிக் காற்றில் கலக்கிறது. மின்சாரக் கார் கனம் என்பதால் அதிலும் குறைவில்லை. மிச்சத்தைப் போகியன்று எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கெஞ்சும். நாம் எரிப்போம். விமானம் இறங்க முடியாமல் வட்டமடிக்கும்.

"எல்லாம் சரி மாமா. கார் இல்லாம நான் எப்படிப் போறது?" என்று மாப்பிள்ளை கேட்டான். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையிலேயே நியாயமான ஒரே கேள்வி. அவன் வீட்டிலிருந்து பறக்கும் ரயில் நிலையம் நடக்கிற தூரம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு அந்த ரயிலை நீட்டிக்கும் வேலையை 2008-ல் தொடங்கினார்கள். ஐந்து கிலோமீட்டர். கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு, வாய்தா, வழக்கு. 2025 பொங்கலுக்கும் ரயில் ஓடவில்லை. 2008-ல் பிறந்த ஒரு கார், அதற்குள் ஓடி, தேய்ந்து, பதினைந்து வயசாகி, எஃப்.சி.க்கு நின்று, புதுப்பேட்டையில் 'உஸ்' என்று உயிரையே விட்டிருக்கும். காரின் மொத்த ஆயுளைவிட ஐந்து கிலோமீட்டர் ரயில் பாதையின் பேறுகாலம் நீளம். பிறகு மாப்பிள்ளை கார் வாங்காமல் காவடியா எடுப்பான்?

கார் எடுத்த இரண்டாவது மாதம், 2024 அக்டோபரில், வானிலை மையம் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டது. வேளச்சேரி ஏரி இருக்கிற ஊர். பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், குப்பையும் கட்டடமும் தின்றது போக மிச்சம். சில வருஷம் மழை ஒரு பிடி கூடுதலாகவே பெய்துவிடுகிறது. ஏன் என்று காரோட்டிகள் யாரும் கேட்பதில்லை. எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலமே ஊர் முழுக்கக் கார்களை ஓட்டிக்கொண்டு போய் மேம்பாலத்தில் நிறுத்தியது. பாலத்தின் இரண்டு பக்கமும் முட்ட முட்ட வரிசை. போலீஸ் அபராதம் போடுகிறது என்று செய்தி பரவியது. இல்லவே இல்லை என்று போலீஸ் மறுத்தது. மாப்பிள்ளையும் தன் பச்சை நம்பர் பிளேட்டை அங்கே ஏற்றிவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு பக்கமும் செங்கல் வைத்துவிட்டு, நனைந்துகொண்டே வந்தான்.

அவன் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, வாட்ச்மேன் அறை. எட்டுக்கு எட்டு. புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. வாட்ச்மேன் சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"வண்டியெல்லாம் மேல ஏத்திட்டீங்க சார். நாங்க எங்க ஏறுறது?"

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்தான்.

"படிக்கட்டுல இருந்துக்கோங்க. லிஃப்ட்டத் தொட வேணாம். அப்புறம் அண்ணா, தண்ணி வர்றதுக்குள்ள என் சார்ஜர் பிளக்க மட்டும் மறக்காம கழட்டி மேல வெச்சிடுங்க."